காதல் காமெடியில் அந்த ‘மூட்’ எங்கிருந்து வருகிறது? என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பை அந்தேரியில் ஒரு டிஐ ஸ்டூடியோவில், அதாவது எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கம்ப்யூட்டரில் சரிசெய்யும் இடத்தில், பதினோரு வருடமாகக் கலரிஸ்டாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாட்டுங்காவில் ஒரு நண்பர் வீட்டு ஹாலில், சுவரில் புரொஜக்டர் அடித்துப் படம் பார்ப்போம். தாராவி, சயான், செம்பூர், முலுண்டு பக்கத்திலிருந்து குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் வருவார்கள். படம் முடிந்தபின் பேச்சு கடைசி லோக்கல் ட்ரெயின் நேரம் வரைக்கும் போகும். போன மழைக்காலம் முழுக்கக் காதல் காமெடிகளாகவே பார்த்தோம். அப்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன், அதையெல்லாம் சேர்த்து இங்கே வைக்கிறேன்.

காதல் காமெடி என்றாலே வசனம்தானே? காட்சிக்கு இதில் என்ன பெரிய வேலை?

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த காதல் காமெடி ஒன்றை எடுத்து, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, நடுவில் எங்காவது இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். இவர்கள் இன்னும் சண்டையில் இருக்கிறார்களா, பிடிக்க ஆரம்பித்துவிட்டதா, பிடித்தும் சொல்லாமல் இருக்கிறார்களா என்று வசனமே இல்லாமல் தெரிந்தால் அது நல்ல படம். அது எப்படித் தெரிகிறது என்று கவனித்தால், வண்ணத்துக்கும் பூவுக்கும் முன்னால் உங்கள் கண் ஒன்றைப் பிடித்திருக்கும்: இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் என்ன இருக்கிறது. ஒரு மேஜையா, ஒரு கம்பிக் கதவா, மூன்றாவது ஆள் ஒருவரா, வெறும் காற்றா.

இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த இடைவெளிதான். வெளிச்சம், லென்ஸ், உடை எல்லாம் அந்த இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் உதவுகிற சாமான்கள். நான் வண்ணத்தை வைத்துச் சோறு தின்கிறவன், நானே இதைச் சொல்கிறேன்.

அப்படியென்றால் வண்ணம்? படம் முழுக்க வார்ம் டோன் போட்டால் காதல் வந்துவிடாதா?

வராது. படம் முழுக்க மஞ்சள் அடித்தால் பத்து நிமிடத்தில் கண் அதற்குப் பழகிவிடும், அப்புறம் அது மஞ்சளாகவே தெரியாது. சூடான நிறம் சூடாகத் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் குளிர்ச்சியாக ஏதாவது இருக்க வேண்டும். வெளியே நீலமான சாயங்காலம், உள்ளே குண்டு பல்பு எரிகிற ஒரு டீக்கடை, அவ்வளவு போதும்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பயப்படாதீர்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறோம். பழைய குண்டு பல்பு 2,700 பக்கம், செட்டில் போடும் டங்ஸ்டன் விளக்கு 3,200, பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5,600, வீட்டு டியூப்லைட் பெரும்பாலும் 6,500. எண் குறையக் குறைய மஞ்சள், ஏற ஏற நீலம். நம் ஊர் வீடுகளில் பாதிப் பேர் டியூப்லைட்டில் வாழ்கிறோம். அதனால்தான் வீட்டுக்குள் மொபைலில் எடுத்த காதல் காட்சி ரேஷன் கடை வரிசை மாதிரி தெரிகிறது.

நிறம் மக்கள் மனதை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு மரீன் டிரைவ் ஒன்று போதும். அந்த வளைவில் சோடியம் விளக்குகள் மஞ்சளாக எரிவதைத்தான் ராணியின் அட்டிகை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. 2015இல் அதையெல்லாம் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி போட்டார்கள். கரண்ட் மிச்சம்தான், ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. கூச்சல் பெரிதாகி, மஞ்சள் சாயல் உள்ள எல்இடி மறுபடி வந்தது. நான் அந்த இரண்டு வெளிச்சத்திலும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளை விளக்கின் கீழே பக்கத்தில் இருப்பவரின் களைப்பு தெரியும். மஞ்சளில் அது தெரியாது, முகம் மட்டும் தெரியும். ஒன்று சொல்ல வேண்டும், பழைய சோடியம் விளக்கின் கீழே படம் எடுப்பது கஷ்டமான வேலை. அந்த ஒளியில் மஞ்சளைத் தவிர வேறு நிறமே கிட்டத்தட்ட கிடையாது, பச்சைப் புடவையும் பழுப்பாகிவிடும், டிஐயில் எவ்வளவு தேடினாலும் பச்சை திரும்பி வராது.

இரண்டு பேரையும் ஒரே ஃபிரேமில் வைப்பதா, தனித்தனி க்ளோசப் எடுப்பதா?

என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

மூன்று வழி இருக்கிறது. டூ ஷாட் என்றால் இருவரும் ஒரே ஃபிரேமில். சஜஷன் என்றால் ஒருவரின் தோளும் காதும் ஓரத்தில் தெரிய, எதிரில் மற்றவர் முகம். சிங்கிள் என்றால் ஒருவர் மட்டும். இந்த வரிசையில் போகப் போக இருவரும் விலகுகிறார்கள். அதே வசனம், அதே நடிப்பு, அதே மேஜை. ஆனால் சிங்கிளில் வெட்டி வெட்டிப் போட்டால் இருவரும் தனித்தனித் தீவு. சஜஷனில் எதிராளி அங்கே இருக்கிறார் என்று உடம்புக்குத் தெரியும். டூ ஷாட்டில் அவர்களுக்கே தெரியாமல் அவர்கள் ஜோடி.

காதல் காமெடியின் சுகமே அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அவர்கள் சண்டை போடுகிறார்கள், ஆனால் ஃபிரேம் அவர்களை ஏற்கெனவே சேர்த்து வைத்துவிட்டது. பார்க்கிறவருக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த வித்தியாசம்தான் சிரிப்பு. அதனால் சண்டைக் காட்சியை டூ ஷாட்டில் எடுங்கள், சமாதானக் காட்சியில் சிங்கிளுக்குப் போங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் இயக்கிய முதல் குறும்படத்தை செம்பூரில் எங்கள் கட்டட மொட்டைமாடியில் எடுத்தேன். கதை ஒன்றுமில்லை, துணி காயப்போட வருகிற இருவர். நவம்பர் மாதம், வெயில் சாய்ந்ததும் கிடைக்கும் தங்க நிற வெளிச்சம் அங்கே இருபது நிமிடம்கூட நிற்காது, ஏனென்றால் எதிர்க் கட்டடம் சூரியனை முன்னாலேயே விழுங்கிவிடும். நான் முதலில் பெண்ணின் க்ளோசப்களை எடுத்தேன். அழகாக வந்தது, ஆசைப்பட்டு இன்னொரு டேக், இன்னொரு டேக். பையனின் பக்கம் கேமராவைத் திருப்பும்போது வெயில் போய்விட்டது. எடிட்டில் உட்கார்ந்து பார்த்தால் அவள் பொன்னான ஒரு சாயங்காலத்தில் நிற்கிறாள், அவன் ஏதோ மறுநாள் விடிகாலையில் நின்று அவளுக்குப் பதில் சொல்கிறான். நானே கலரிஸ்ட், மூன்று ராத்திரி உட்கார்ந்து அவன் முகத்தில் மஞ்சள் ஏற்றிப் பார்த்தேன். நிறம் ஏறியது, திசை ஏறவில்லை. வெயில் பக்கவாட்டில் வந்து கன்னத்தில் விழுந்தால் மூக்கின் நிழல் ஒரு பக்கம் விழும், அதை டிஐயில் உண்டாக்க முடியாது. இருவரும் ஒரே நாளில் இல்லை என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து என் விதி இது: நல்ல வெளிச்சம் இருக்கும்போது டூ ஷாட்டை முதலில் எடுத்துவிட வேண்டும். க்ளோசப்பை நிழலில்கூட எடுத்துச் சமாளிக்கலாம்.

இந்த இடைவெளியை வைத்தே படம் எடுத்தவர்கள் உண்டா?

இந்த வகைப் படங்களின் வரலாறே ஒரு விதத்தில் அதுதான்.

1934இல் பிராங்க் காப்ரா இயக்கிய ‘இட் ஹாப்பன்டு ஒன் நைட்’ படத்தில், கல்யாணம் ஆகாத இருவர் வழியோர விடுதியில் ஒரே அறையில் தங்க வேண்டி வருகிறது. அவன் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறான். பைபிளில் இடிந்து விழும் எரிகோ மதிலின் பெயரை அதற்கு வைக்கிறான். வெளியே மழை, உள்ளே இரண்டு முகம், நடுவில் ஒரு போர்வை. படத்தின் கடைசியில் அந்தப் போர்வை விழுகிறது, அப்போது அவர்களைக் காட்டுவதுகூட இல்லை. முத்தமில்லாமல் முடிகிற அந்தப் படத்துக்கு ஆஸ்காரின் ஐந்து பெரிய பரிசுகளும் கிடைத்தன. ஐந்து ரூபாய்ப் போர்வை செய்த வேலை அது.

அதே வருடம் ஜூலையிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் இறுகின. நேரடியாகக் காட்ட முடியாததை எப்படிக் காட்டுவது என்று மூளையைக் கசக்கினார்கள். 1959இல் ‘பில்லோ டாக்’ படத்தில் திரையை இரண்டாகப் பிளந்து, தனித்தனி வீட்டில் தனித்தனிக் குளியல் தொட்டியில் இருக்கும் ராக் ஹட்சனையும் டோரிஸ் டேயையும் போனில் பேச வைத்தார்கள். இருவர் பாதமும் நடுக்கோட்டில் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி ஃபிரேம். தொடவில்லை, ஆனால் தொடுகிறது. 1989இல் ‘வென் ஹாரி மெட் சாலி’யில் அதே திரைப் பிளவு வேறு அர்த்தத்தில் வந்தது: இரண்டு கட்டில், இரண்டு வீடு, ஒரே பழைய படத்தை டிவியில் பார்த்துக்கொண்டே போனில் பேசுகிறார்கள், பார்ப்பதற்கு ஒரே கட்டில் போல இருக்கிறது. நண்பர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபிரேம் வேறு சொல்லிவிடுகிறது.

போர்வை, கோடு, மறுபடி கோடு. ஐம்பத்தைந்து வருடத்தில் மாறியது துணியும் தொழில்நுட்பமும்தான்.

மும்பைக்கென்று தனி மூட் உண்டா?

உண்டு. இந்த ஊரில் இடைவெளிக்கே பஞ்சம். வீட்டில் ஆறு பேர், லோக்கலில் அறுநூறு பேர். இங்கே காதலர்கள் தனிமைக்கு எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். மரீன் டிரைவிலும் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டிலும் கடலைப் பார்த்து, ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறார்கள். ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவில் நாலு அடி இருக்கும். எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முதுகைத் திருப்பினால் அதுவே கதவு. கேமராவை அவர்களுக்குப் பின்னால் வைத்தால் வரிசையாக முதுகுகள், எதிரே கடல். முகமே இல்லாத அந்த ஷாட்டில் எவ்வளவு காதல் இருக்கிறது என்று நேரில் பார்த்தால் தெரியும்.

இதைப் புரிந்துகொண்டு எடுத்தவர் இந்தி இயக்குநர் பாசு சாட்டர்ஜி. 1976இல் வந்த ‘சோட்டி ஸி பாத்’ படத்தில் அமோல் பாலேகர் பஸ் ஸ்டாப்பில் வித்யா சின்ஹாவின் அருகிலேயே நிற்பார், பேச மாட்டார். கேமரா கே.கே. மகாஜன். நிஜமான தெரு, நிஜமான பஸ், நிஜமான பகல் வெளிச்சம், சுவிட்சர்லாந்து கிடையாது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம், ஆனால் அவ்வளவு தூரம். இந்தியாவில் நான் பார்த்த மிக நல்ல காதல் ஃபிரேம்களில் அந்த பஸ் ஸ்டாப்பும் ஒன்று. அந்தப் படத்தில் வரும் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியின் சமோவார் கஃபே 2015இல் மூடிவிட்டது. டீசலில் ஓடிய சிவப்பு டபுள் டெக்கரும் கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்ஸியும் 2023இல் போய்விட்டன. சாம்பல் நிற ஊரில் அந்தச் சிவப்பும் மஞ்சளும்தான் இலவசமாகக் கிடைத்த ஆர்ட் டைரக்‌ஷன். ஃபிரேமின் ஓரத்தில் ஒரு பத்மினி கடந்து போனால் போதும், காட்சி எழுந்து உட்காரும். இப்போது அதற்குப் பூ மார்க்கெட்டைத்தான் நம்புகிறேன். மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய பூக்கடைகளில் காலை ஏழு மணிக்கு, தார்ப்பாய் வழியாக இறங்கும் வெளிச்சத்தில் சாமந்தி குவிந்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

தமிழில் இந்த ஊரின் நெருக்கத்தை நன்றாகப் பயன்படுத்தியது 2015இல் வந்த ‘ஓ காதல் கண்மணி’. பி.சி. ஸ்ரீராம் கேமரா. இளம் ஜோடி தங்கியிருக்கும் வீட்டில் வயதான தம்பதி ஒன்று இருப்பதால், அவர்கள் எவ்வளவு விளையாட்டாக இருந்தாலும் அந்த வீட்டுக்குள்ளேயே அவர்களின் நாற்பது வருடம் கழித்த படமும் நடமாடிக்கொண்டிருக்கிறது.

‘ஹை கீ’ லைட்டிங் என்றால் எல்லா லைட்டையும் பளிச்சென்று போடுவதா?

பளிச்சென்று இருப்பது துணிக்கடை விளம்பரம். ஹை கீ என்றால் நிழல் லேசாக இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். முகத்தின் வெளிச்சமான பக்கம் இருட்டான பக்கத்தைவிட இரண்டு மடங்கு இருந்தால் மனம் இலகுவாக இருக்கும். எட்டு மடங்கு போனால் அவன் பாக்கெட்டில் கத்தி இருக்கிறதோ என்று தோன்றும்.

நான் உதவியாளனாகச் சேர்ந்த புதிதில் ஒரு செட்டில் திருநெல்வேலிக்கார லைட்மேன் அண்ணன் ஒருவர் இருந்தார். நான் விளக்கை நடிகையின் முகத்துக்கு நேராகத் திருப்புவதைப் பார்த்துவிட்டு வந்து கையைப் பிடித்தார். “தம்பி, மூஞ்சிக்கு லைட்டு போடாத. சொவத்துக்குப் போடு, சொவரு அவங்களுக்குக் குடுக்கும்” என்றார். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அந்தப் பெண்ணின் முகத்தில் மெதுவாகப் பரவியதை இன்னும் மறக்கவில்லை. ஒளி வரும் பரப்பு பெரிதானால் நிழலின் ஓரம் கரைகிறது, சூத்திரம் அவ்வளவே. தெர்மோகோல் பலகையும் பட்டர் பேப்பரும் செய்வது அந்த வேலையைத்தான்.

நடிகையின் நிறத்தை ‘கொஞ்சம் ஏற்றித் தர’ முடியுமா?

முடியும், செய்ய மாட்டேன். இந்த வேண்டுகோள் எனக்கு மாதம் ஒரு முறையாவது வருகிறது. நம் தோலின் அழகு அதில் விழும் பளபளப்பில் இருக்கிறது: நெற்றியில், கன்ன மேட்டில், கழுத்து எலும்பில் ஒளி ஒரு கோடாக நிற்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்சத்தை, ஏற்றி வெளுப்பாக்கினால் முதலில் போவது அந்தக் கோடு. முகம் தட்டையாகும், பவுடர் அப்பிய மாதிரி ஆகும், அதோடு பின்னால் உள்ள சுவரும் சேர்ந்து வெளுத்துவிடும். பெரிய, மென்மையான வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வையுங்கள், பின்னணியை முகத்தைவிட ஒரு படி இருட்டாக வையுங்கள், கறுப்பு முகம் விளக்கேற்றின மாதிரி இருக்கும். கதாநாயகியின் நிறம் மாறினால்தான் காதல் வரும் என்று நினைக்கிற படத்தில் காதலே இல்லை.

எந்த லென்ஸ்?

85 எம்எம் போட்டால் ஊர் கரைந்து இரண்டு முகம் மிஞ்சும். 35 எம்எம் போட்டால் ஊரும் இருக்கும், அவர்களும் இருப்பார்கள். காமெடிக்கு ஊர் வேண்டும், ஏனென்றால் பின்னால் பால்கனியில் வெங்காயம் உரித்துக்கொண்டே இவர்களைக் கவனிக்கும் அத்தை தெரிய வேண்டும். அவர்கள் ஒருவருக்கொருவர் தவிர வேறொன்றும் தெரியாத அந்த ஒரு நிமிடத்துக்கு 85ஐ மிச்சம் வையுங்கள். முதல் காட்சியிலேயே பின்னணியை மங்கலாக்கிவிட்டால் அப்புறம் மங்கலாக்க என்ன இருக்கிறது?

ரீல்ஸுக்கு நெட்டையாக எடுத்தால் இந்த இடைவெளிக் கணக்கு என்ன ஆகும்?

நல்ல கேள்வி, எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டது ஒரு பத்தொன்பது வயதுப் பெண். அகலமான ஃபிரேமில் இருவரையும் இரண்டு ஓரத்தில் நிறுத்தலாம். நெட்டை ஃபிரேமில் ஓரமே இல்லை, முதல் ஷாட்டிலேயே ஒட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். அதனால் தூரத்தை முன்னும் பின்னுமாக வையுங்கள். ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில், மற்றவர் பின்னால் வாசற்படியில். அல்லது மேலும் கீழுமாக: மாடிப்படி இந்த ஃபிரேமுக்காகவே கட்டியது போல இருக்கும். அவள் நாலு படி மேலே, அவன் கீழே, பேசப் பேச ஒவ்வொரு படியாக. வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருக்கும் நம் பழைய சால் கட்டடங்களின் மரப் படிக்கட்டைவிட நல்ல செட் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

சிரிப்பு வரவேண்டுமென்றால் கேமரா எங்கே?

சிரிப்பு சொல்கிறவர் முகத்தில் இருப்பதைவிடக் கேட்கிறவர் முகத்தில் அதிகம் இருக்கும். 1964இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாகேஷின் கையும் குரலும் எவ்வளவு ஆடினாலும், நம்மைச் சிரிக்க வைப்பது பாலையாவின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் பயம். அதை நாம் பார்க்கும்படி வைத்ததுதான் வேலை. வின்சென்ட் கேமரா, ஈஸ்ட்மன்கலர். படம் முழுக்க இருட்டு மூலை என்று ஒன்று கண்ணில் தங்குவதில்லை. வெளியூர் பங்களா, திறந்த வெளி, பளீரென்ற உடைகள், இங்கே கெட்டது எதுவும் நடக்காது என்று முதல் பத்து நிமிடத்திலேயே கண்ணுக்கு உறுதி கொடுத்துவிடுகிறார்கள். அந்த உறுதி இல்லாமல் மனிதன் வாய்விட்டுச் சிரிக்க மாட்டான்.

இன்னொன்று, சிரிப்பு வரும் இடத்தில் வெட்டாதீர்கள். ஒரு ஆள் வழுக்கினால் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும்.

மழைக் காட்சி எடுத்தேன், மழையே தெரியவில்லை. ஏன்?

முன்னால் இருந்து வெளிச்சம் அடித்திருப்பீர்கள். மழைத்துளி கண்ணாடி மாதிரி, பின்னாலிருந்து ஒளி வந்தால்தான் மின்னும், முன்னாலிருந்து வந்தால் ஊடுருவிப் போய்விடும். ஒரு தெருவிளக்கோ, ஹெட்லைட் போட்ட ஆட்டோவோ அவர்களுக்குப் பின்னால் இருக்கட்டும், அதற்குப் பின்னால் இருட்டு இருக்கட்டும். சாதாரணத் தூறல்கூட வெள்ளிக் கம்பியாக இறங்கும்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பையில் பகல் வெளிச்சம் இலவசம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலை மென்மையாக்க செட்டில் மேலே கட்டும் வெள்ளைத் துணியை ஸ்கிம்மர் என்போம், மேகம் வானத்தளவு பெரிய ஸ்கிம்மர். காலை பத்துக்கு எடுத்ததும் மாலை நாலுக்கு எடுத்ததும் பெரும்பாலும் ஒட்டிப்போகும். அப்புறம் குடை. இரண்டு பேர், ஒரு குடை என்றால் டூ ஷாட்டைக் குடையே எடுத்துக் கொடுக்கும்.

ஸ்லோமோஷன்?

படத்துக்கு ஒரு முறை. கூந்தலுக்கு வேண்டாம்.

பிரிவுக் காட்சியை நீலமாக்க வேண்டுமா?

எல்லோரும் ஆக்குகிறார்கள், அதனாலேயே அது வேலை செய்வதில்லை. அதே ஃபிரேமைத் திரும்ப வையுங்கள். முதல் பாதியில் இருவரும் உட்கார்ந்து காபி குடித்த அதே மேஜை, அதே கோணம், அதே லென்ஸ், அதே வெயில்கூட. ஒரு நாற்காலி மட்டும் காலி. சர்வர் வந்து பழக்கத்தில் இரண்டு டம்ளரை வைத்துவிட்டுப் போகிறார். நீங்கள் ஒரு துளி நீலம் சேர்க்கத் தேவையில்லை. வெளிச்சம் பழையபடி அழகாக இருப்பதுதான் அங்கே வலி.

உடைக்கும் இதே கணக்குதான். ஆரம்பத்தில் இருவர் உடையும் சண்டை போடட்டும், போகப் போக ஒருவர் நிறம் மற்றவரிடம் சின்னதாக எட்டிப் பார்க்கட்டும், ஒரு கைக்குட்டையாக, பை வாராக. பிரிவின்போது அது காணாமல் போகட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள், எல்லோருக்கும் உறைக்கும்.

மொபைலில்தான் எடுக்கப் போகிறோம். என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, வைட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் அவள் மஞ்சள் துப்பட்டாவோடு ஃபிரேமுக்குள் வரும்போது மொபைல் தானாகவே படத்தை நீலமாக்கிச் சரிக்கட்டும், அந்த மாற்றத்தை என்னால்கூடச் சரிசெய்ய முடியாது. டியூப்லைட்டை அணையுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அவர்களை உட்கார வையுங்கள், நேர் வெயில் உள்ளே விழுந்தால் கண்ணாடியில் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள், இருட்டுப் பக்கத்தில் ஒரு தெர்மோகோல் அட்டையை யாராவது பிடித்துக்கொள்ளட்டும். ஜன்னல் கம்பி நிழல் முகத்தில் விழுந்தால் விரட்டாதீர்கள், அது மும்பை. பியூட்டி ஃபில்டர் எதுவும் வேண்டாம்.

லோக்கல் ட்ரெயினில் எடுக்கலாமா?

ரயில்வே இடத்தில் படமெடுக்க அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் செய்யாதீர்கள். கதவோரக் காட்சி வேண்டவே வேண்டாம், உயிர் முக்கியம். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு, ட்ரெயின் சத்தத்தைத் தனியாகச் சேர்த்தாலே பாதி மூட் வந்துவிடும்.

அந்த மொட்டைமாடிக் குறும்படம் கடைசியில் என்ன ஆயிற்று?

திரும்ப எடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, அதே மாடி, அதே இருவர். இந்த முறை நாலே முக்காலுக்கே எல்லோரையும் மேலே வரச் சொன்னேன், சூரியன் எதிர்க் கட்டடத்தைத் தொடும் முன் டூ ஷாட்டை முழுதாக ஓட்டிவிட வேண்டும் என்று. கீழ்வீட்டு மாமி அன்றைக்கென்று பார்த்து ஒரு பெரிய பெட்ஷீட்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன், அப்புறம் அப்படியே விட்டுவிட்டேன். ஈரத் துணிக்குப் பின்னால் வெயில் இருந்ததால் அது முழுசாகப் பொன்னிறமாகி எரிந்தது. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், துணியில் அவளுடைய நிழல் மட்டும். வசனத்தில் பாதி கடந்ததும், நான் எதுவும் சொல்லாமலேயே, அவள் பெட்ஷீட்டை ஒரு கையால் தூக்கிக் கீழே குனிந்து அவன் பக்கம் வந்தாள். தலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர். அவன் வசனத்தை மறந்து சிரித்துவிட்டான். கேமராவை நிறுத்தவில்லை. படத்தில் அதுதான் இருக்கிறது.